உடையாத மட்கார்டு

வண்டி வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், மைலேஜ் கேட்பார்கள், கலருக்காக அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். மட்கார்டு எதில் செய்தது என்று ஷோரூமில் கேட்டவர் யாராவது உண்டா? ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை. சேறு சட்டையில் தெறிக்காமல் இருந்தால் போதும். ஆனால் ரோடே இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டுவதற்கென்று உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. பாறை, மணல், காடு, ஆற்றுப்படுகை இதெல்லாம்தான் அவர்களுக்கு ரோடு. அங்கே மட்கார்டு உடைந்தால் பந்தயமே போய்விடும். சில வண்டிகளில் கால் எலும்பும் போகும்.

அமெரிக்காவில் இதை ஃபெண்டர் என்பார்கள். நம்ம ஊர் மெக்கானிக் ஷாப் வார்த்தையான மட்கார்டு என்பதே இந்தக் கட்டுரைக்குப் போதும்.

1964ல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் டிரையல் என்ற பந்தயம் நடந்தது. சுருக்கமாக ஐ.எஸ்.டி.டி. 1913ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த பந்தயம் இது. ஆறு நாள், காட்டுப்பாதையிலும் மலைப்பாதையிலும், குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேகத்தைவிட வண்டி தாங்குகிறதா என்பதுதான் பரீட்சை. வழியில் எது உடைந்தாலும் ஓட்டுகிறவரே, கையில் இருக்கும் டூல்ஸை வைத்து, தன்னுடைய நேரத்திலேயே சரி செய்துகொள்ள வேண்டும். மெக்கானிக் தொடக்கூடாது. அந்த வருடம் அமெரிக்க அணியில் வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் மெக்வீன். ஆமாம், 'தி கிரேட் எஸ்கேப்' படத்து ஹீரோவேதான். அந்தப் படத்தில் பைக்கோடு வேலியைத் தாண்டும் காட்சியில் உண்மையில் தாண்டிய பட் எகின்ஸும் கூட வந்திருந்தார். இரண்டு பேரும் ஓட்டியது டிரயம்ஃப். மூன்றாம் நாள் இரண்டு பேருமே விழுந்து பந்தயத்தை விட்டு வெளியேறினார்கள்.

அவர்கள் விழுந்ததற்கும் மட்கார்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தக் காலத்துக் காட்டு வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதற்கு அந்தப் பந்தயம் நல்ல அடையாளம். அப்போதெல்லாம் ரோட்டு வண்டியைத்தான் கொஞ்சம் மாற்றிக் காட்டுக்குள் எடுத்துப் போவார்கள். மட்கார்டு தகடுதான். விழுந்தால் இரும்புத் தகடு வளையும், வளைந்தபடியே நிற்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கும் என்றால், வளைந்த தகடு டயரில் உரசும். உரசினால் டயர் கிழியும். இல்லாவிட்டால் இடைவெளியில் சேறு அடைத்து, காய்ந்து, சக்கரமே சுற்றாது. ஓட்டுகிறவர் இறங்கி, கல்லை எடுத்துத் தட்டி, காலால் மிதித்து நிமிர்த்தி மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும். பத்து நிமிடம் என்றால் பதக்கம் அம்பேல்.

இரும்பு கனம் என்று அலுமினியத்துக்குப் போனார்கள். கனம் குறைந்தது, துருவும் இல்லை. ஆனால் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு இருக்கிறதே, அது அலுமினியத்துக்கு எமன். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும் அல்லவா? அதே கதைதான். விழவே வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே போல்ட் ஓட்டையிலிருந்து மெல்லிய விரிசல் கிளம்பிப் பரவும்.

ஸ்பெயினின் புல்டாகோ போன்ற கம்பெனிகள் ஃபைபர்கிளாஸில் செய்து பார்த்தன. கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து அச்சில் வைத்து இறுகவிடுவது. பார்க்க அழகு, எந்த வளைவு வேண்டுமானாலும் வரும், அச்சு செய்யச் செலவும் குறைவு. ஒரே ஒரு குறை, அது கொஞ்சம்தான் வளையும். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விடும், பிறகு துண்டாகக் கையோடு வந்துவிடும். ஃபைபர்கிளாஸ் மட்கார்டு போட்ட பந்தயக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டுவார், ஒவ்வொரு திங்களும் ஒட்டுப்போடுவார்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு நினைப்பு இருந்தது. மட்கார்டு உழைக்க வேண்டும் என்றால் அது விறைப்பாக இருக்க வேண்டும், அடியைத் தாங்கி நிற்க வேண்டும் என்ற நினைப்பு. அடி விழும்போது விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடலாமே என்று யோசிக்க ஒரு புதுப் பொருள் வர வேண்டியிருந்தது.

பொருள் ஏற்கனவே வந்திருந்தது, பைக் உலகத்துக்குத்தான் தெரியவில்லை. 1953ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1954ல் இத்தாலியில் ஜூலியோ நட்டா அதே வகை வினையூக்கியை வைத்துப் பாலிபுரொப்பிலீன் செய்தார். 1963ல் இருவருக்கும் சேர்த்து வேதியியல் நோபல் கொடுத்தார்கள். வாளி, குடம், டிபன் பாக்ஸ், நாற்காலி என்று இன்று வீட்டில் நிறைந்திருக்கும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி இந்த இரண்டு பேரின் குடும்பம்தான். இவற்றின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒரு பகுதி ஒழுங்காக அடுக்கி இருக்கும், மறு பகுதி நூல்கண்டு மாதிரி கலைந்து கிடக்கும். அடுக்கிய பகுதி வடிவத்தைப் பிடித்து வைக்கிறது. கலைந்த பகுதி அடி விழும்போது நழுவி, நீண்டு, அடியின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. ஷாம்பு பாட்டில் மூடியில் ஒரு மெல்லிய மடிப்பு இருக்குமே, ஆயிரம் தடவை திறந்து மூடினாலும் பிய்யாமல்? அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்தான்.

அடுத்தது வாங்குவதற்கு ஆள். அந்த ஆட்களைக் கொண்டுவந்தது யமஹா. 1968ல் அமெரிக்காவுக்குள் வந்த யமஹா டிடி-1, 250 சிசி வண்டி. வார நாளில் ஆபீசுக்கும் ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை பாலைவனத்துக்கும் ஓட்டலாம், விலையும் கைக்கு அடக்கம். 1971ல் புரூஸ் பிரவுன் எடுத்த 'ஆன் எனி சண்டே' என்ற ஆவணப்படம் வந்தது. அதே மெக்வீன் அதிலும் இருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு பைக் வாங்கக் கிளம்பியவர்கள் ஏராளம். ஆக, எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான சாதாரண ஆட்களிடம் காட்டில் ஓட்டுகிற வண்டி இருந்தது. அவர்கள் பந்தய வீரர்கள் இல்லை என்பதால் அடிக்கடி விழுந்தார்கள். டிடி-1ன் மட்கார்டோ இரும்பு.

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். :-) வண்டி செய்த கம்பெனி அல்லாமல், மூன்றாவது ஆள் செய்து விற்கும் பாகங்களுக்கு ஆஃப்டர்மார்க்கெட் என்று பெயர். வண்டிக் கம்பெனி எங்கே செலவைக் குறைத்ததோ, எங்கே யோசிக்காமல் விட்டதோ, அங்கே இந்த மூன்றாவது ஆளின் கடை திறக்கும். இரும்பு மட்கார்டு அப்படிப்பட்ட ஒரு பெரிய இடைவெளி.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் பிரெஸ்டன் பெட்டி. அமெரிக்கர், பந்தயக்காரர், ஐ.எஸ்.டி.டி.யிலும் ஓட்டியவர். காட்டுக்குள் நின்று தகடு நிமிர்த்துகிற வேதனை அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளைந்து திரும்பும் பிளாஸ்டிக்கில் மட்கார்டு செய்து தன் பெயரிலேயே விற்றார். எழுபதுகளின் அமெரிக்க டர்ட் பைக் புகைப்படங்களைப் பார்த்தால், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அதன் மேல் பெட்டியின் மட்கார்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1999ல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமான ஏ.எம்.ஏ.வின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். பந்தயத்துக்காக மட்டும் கிடைத்த கௌரவம் அல்ல, மட்கார்டுக்கும் அதில் பெரும் பங்கு.

அந்த மட்கார்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அது எந்த வண்டிக்கென்றும் செய்யப்பட்டது அல்ல. பொதுவான ஒரு வடிவம். வாங்குகிறவர் தன் வண்டியில் வைத்துப் பார்த்து, அளவெடுத்து, தானே ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் புத்திசாலித்தனம். உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தி ஊற்றுவதற்கான எஃகு அச்சு மிக விலை உயர்ந்தது. அச்சு செய்துவிட்டால் ஒவ்வொரு மட்கார்டுக்கும் ஆகும் செலவு சொற்பம். அதாவது நிலையான செலவு மலை, மாறும் செலவு மடு. இருபது வண்டிக்கு இருபது அச்சு செய்தால் சின்ன முதலாளி முதல் வருடமே திவால். ஒரே அச்சில் இருபது வண்டிக்கும் விற்றால் அச்சின் செலவு சீக்கிரம் கழிந்துவிடும். கடைக்காரரும் ஒரே சரக்கைக் கலர் கலராக அடுக்கி வைத்தால் போதும்.

ஆனால் வாங்கியவர் போடும் அந்த ஓட்டையில்தான் உழைப்பின் ரகசியம் பாதி இருந்தது. மழுங்கிய டிரில்லால் பிசிறு பிசிறாக ஓட்டை போட்டு, வாஷர் வைக்காமல், போல்டை மூச்சுமுட்ட முறுக்கினால், எந்தப் பிளாஸ்டிக்கும் அந்த இடத்திலிருந்து கிழியும். சுத்தமான வட்ட ஓட்டை, போல்டைவிடக் கொஞ்சம் பெரியதாக, நடுவில் ரப்பர், அகலமான வாஷர் என்று செய்தவரின் மட்கார்டு பல வருடம் வந்தது. ஒரே பொருள், ஒரே விலை, இரண்டு ஆயுள். பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் பொருத்தியவரையும் பார்க்க வேண்டும் என்பது இன்றைக்கும் பொருந்தும்.

பிளாஸ்டிக்குக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆதரவு வந்தது. 1973 முதல் 1975க்குள் மோட்டோகிராஸ் வண்டிகளின் சஸ்பென்ஷன் தலைகீழாக மாறியது. யமஹா ஒற்றை ஷாக்கை நடுவில் படுக்க வைத்தது, மைக்கோ பின் ஷாக்கின் இடத்தை முன்னால் தள்ளியது. சக்கரம் முன்பைவிடப் பல அங்குலம் அதிகமாக மேலும் கீழும் போக ஆரம்பித்தது. சக்கரம் அவ்வளவு உயரம் எழும்பினால், டயரை ஒட்டி மட்கார்டு இருக்க முடியாது. டர்ட் பைக்குகளில் முன் மட்கார்டு டயரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பறவை அலகு மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான், ஸ்டைல் அல்ல. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் கிளாம்பில் சில போல்ட்களோடு பிடித்திருக்கும், மீதி முழுக்க அந்தரத்தில் ஆடும். இப்படித் தொங்குகிற பொருள் தகடாக இருந்தால் கனத்திலும் அதிர்விலும் கொஞ்ச நாளில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். லேசாகவும் வளைவதாகவும் இருக்கிற பிளாஸ்டிக்கை விட்டால் வேறு வழியில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் வண்டிக் கம்பெனிகளே தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மட்கார்டு போட்டு அனுப்ப ஆரம்பித்துவிட்டன. முன்னோடிகளுக்கு இது பாராட்டும்தான், இடியும்தான். இரும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு. புது வண்டியிலேயே அது இலவசமாக வந்துவிட்டால், தனியாகக் காசு கொடுத்து எதற்கு வாங்குவது? அதுவும் உடையாத சரக்கு என்று பெயர் வாங்கியவருக்கு ஒரே வாடிக்கையாளர் எத்தனை முறை திரும்பி வருவார்?

ஆனால் ஆஃப்டர்மார்க்கெட் சாகவில்லை, வேஷத்தை மாற்றிக்கொண்டது. இந்தக் கதையின் இரண்டாம் பாகம் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடக்கிறது. 1973ல் இத்தாலியின் பெர்கமோ பக்கத்தில் அல்பினோ என்ற ஊரில் ஃபிராங்கோ அசெர்பிஸ் தொடங்கிய அசெர்பிஸ் கம்பெனி, அதே இத்தாலியின் யுஃபோ பிளாஸ்ட், போர்ச்சுகலின் போலிஸ்போர்ட் இவையெல்லாம் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. இவர்கள் விற்பது பொது வடிவம் அல்ல. இந்தக் கம்பெனி, இந்த மாடல், இந்த வருடம் என்று அச்சுப் பிசகாமல், ஓட்டையோடு, ஒரிஜினல் கலரோடு வரும். விலை பெரும்பாலும் ஒரிஜினலைவிடக் குறைவு. ஒரிஜினல் உடைகிறதோ இல்லையோ, கீறல் விழுகிறது, மங்குகிறது, பழசாகத் தெரிகிறது. ஒரு செட் புதுப் பிளாஸ்டிக் மாட்டினால் ஐந்து வருட வண்டி புதுசாகிவிடும். முதல் தலைமுறை விற்றது உழைப்பை. இரண்டாம் தலைமுறை விற்றது பளபளப்பை. எது நல்ல வியாபாரம் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பிளாஸ்டிக் மட்கார்டு உண்மையிலேயே உழைத்ததா? எதை எதிர்த்து என்று கேட்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

அடியை எதிர்த்து என்றால், உழைத்தது, சந்தேகமே இல்லை. கீழே விழுந்து மடங்கிய மட்கார்டு தானாக நிமிர்ந்தது. மடங்கிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். சங்கிலிகள் இழுபட்ட இடம் அது. சூடான காற்றைக் காட்டினால் அந்தக் கோடுகூடப் பெரும்பாலும் மறையும். கலர் மேலே பூசியது அல்ல, பிளாஸ்டிக்கோடு கலந்தது என்பதால் கீறினாலும் உள்ளே அதே கலர். (மேலே பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் எதையும் தன்மேல் ஒட்டவிடாத ஜாதி. ஸ்டிக்கர்கூட ஓரத்தில் எழும்பிக்கொள்ளும்.)

குளிரை எதிர்த்து என்றால் கதை வேறு. கலப்பில்லாத பாலிபுரொப்பிலீன் பூஜ்ஜியம் டிகிரி பக்கத்தில் போனாலே தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். கலைந்து கிடந்த சங்கிலிகள் உறைந்து நின்றுவிடும், நழுவாது. கோடையில் ரப்பர் மாதிரி மடங்கிய அதே மட்கார்டு பனிக்காலத்தில் பிஸ்கட் மாதிரி உடையும். அதனால்தான் எத்திலீனைக் கலந்தோ ரப்பர் சேர்த்தோ குளிர் தாங்கும் வகைகளைச் செய்தார்கள். அப்படிக் கலந்தால் விறைப்பு குறையும், மட்கார்டு தொளதொளவென்று ஆடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

வெயில்தான் நிஜமான வில்லன். பாலிபுரொப்பிலீன் சங்கிலியில் ஒன்று விட்டு ஒன்றாக வரும் கார்பன் அணுவில் லேசாகப் பிடித்திருக்கும் ஒரு ஹைட்ரஜன் உண்டு. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் அந்த இடத்தைத்தான் பிடிக்கும். அங்கே சங்கிலி அறுபடும். அறுபட அறுபட மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நுண்ணிய விரிசல் விட்டு, கடைசியில் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். ஹோண்டாவின் சிவப்பு மட்கார்டு வெயிலில் நின்று ரோஸ் கலர் ஆவது டர்ட் பைக் வட்டாரத்தில் பழைய ஜோக். வெள்ளை மஞ்சளாகும். கறுப்பு மட்டும் நிற்கும், ஏனென்றால் அதில் கலந்திருக்கும் கரித்தூளே கதிரை வாங்கிக்கொண்டுவிடும். வெயில் தாங்க வைக்கும் ரசாயனங்கள் எழுபதுகளிலிருந்து நன்றாகவே முன்னேறின. ஆனால் அவை விலை கூடிய சரக்கு. எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

விலை மலிந்த நகல் மட்கார்டுகளின் சூட்சுமமும் இதுதான். கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். ஒன்றில் புதுப் பிளாஸ்டிக், இன்னொன்றில் பாதி அரைத்த பழைய பிளாஸ்டிக் இருக்கலாம். ஒவ்வொரு முறை அரைத்து உருக்கும்போதும் சங்கிலிகள் குட்டையாகும், அடி தாங்கும் சக்தி குறையும். அச்சு வடிவமைப்பிலும் ஏமாறலாம். அச்சுக்குள் ஓடும் பிளாஸ்டிக் குழம்பு ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் மறுபடி சேரும். சேரும்போது சூடு குறைந்திருந்தால் சரியாக ஒட்டாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு இருக்கும். அதிர்வு அதிகம் விழும் இடமும் போல்ட் ஓட்டைதான், பலவீனமான கோடு இருப்பதும் அங்கேதான். மலிவு மட்கார்டு எப்போதும் அந்த இடத்திலேயே கிழிவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இன்னொரு மலிவான வழி, பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி வடிவமெடுப்பது. குறைந்த எண்ணிக்கைக்கு இது நல்ல முறை, ஆனால் தாள் அதிகமாக இழுபடும் மூலைகளில் மெலிந்துபோகும்.

இதுவரை இரண்டு சக்கரம். மூன்று, நான்கு சக்கரங்களில் மட்கார்டின் வேலையே வேறு. 1970ல் ஹோண்டா பலூன் டயர் வைத்த ஒரு மூன்று சக்கர வண்டியை அமெரிக்காவில் விட்டது. யு.எஸ்.90 என்று பெயர், பிறகு ஏ.டி.சி.90 ஆனது. 1971ல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் அதில் ஏறித் தப்பிப்பார். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டுகிறவரின் காலுக்கு நேர் பின்னால் அகலமான பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். திருப்பத்தில் வண்டி சாயும்போது பைக் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால், பின் சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். எலும்பு முறிந்தவர்கள் பலர். இந்த இடத்தில் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் மட்கார்டும் கால் தட்டும்தான். சுஸுகி 1982ல் நான்கு சக்கரத்தில் கொண்டுவந்தது. மூன்று சக்கர விபத்துகள் பெருகி, அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழக்குப் போட்டு, 1988ல் நீதிமன்ற ஒப்பந்தத்தோடு புது மூன்று சக்கர வண்டி விற்பனை அங்கே நின்றது.

அதற்குள் விற்றுப்போன வண்டிகள் பண்ணைகளிலும் காடுகளிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் பிளாஸ்டிக் பெரிது, விளக்கு முதல் கால் வைக்கும் இடம் வரை இணைந்திருக்கும். ஒரு மூலை கிழிந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். கம்பெனி விலை கேட்டால் மயக்கம் வரும். கலிஃபோர்னியாவின் மையர் போன்ற ஆஃப்டர்மார்க்கெட் ஆட்கள் நிலைத்தது இந்தத் தேவையால்தான். அதையும் வாங்க முடியாதவர்கள் விரிசலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டார்கள். விரிசலின் கூர்மை மழுங்கினால் அது மேலே பரவாது. பிறகு இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் டை வைத்து, ஆபரேஷன் தையல் மாதிரி தைத்துவிடுவார்கள். அசிங்கமாக இருக்கும். ஆனால் நன்றாகவே தாங்கும்.

ஜீப் பக்கம் ஒரு எட்டு. பெரிய டயர் மாட்டினால் அது பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் டயர் மூடியிருக்க வேண்டும் என்று சட்டம். அதனால் இரும்பு மட்கார்டின் ஓரத்தில் மாட்டும் பிளாஸ்டிக் விளிம்புகளுக்குத் தனிச் சந்தை உருவானது. 1969ல் போர்ட்லாண்டில் தொடங்கிய புஷ்வாக்கர் இதில் பழைய பெயர். இவர்கள் பயன்படுத்துவது ஏ.பி.எஸ். வகைப் பிளாஸ்டிக், பாலிபுரொப்பிலீனைவிட விறைப்பு, பெயிண்டும் பிடிக்கும். 1997 மாடல் ஜீப் ராங்லரில் கம்பெனியே பிளாஸ்டிக் விளிம்பு போட்டுக் கொடுத்தது. கறுப்பாக வந்தது சில வருடத்தில் சாம்பலாகும். சூடான காற்றைக் காட்டிக் கறுப்பாக்குவார்கள், சில மாதத்தில் மறுபடி சாம்பல். கல்யாண வீட்டுத் தலைச்சாயம் மாதிரிதான்.

வெயிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடக்கும் சண்டையை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் பிரான்சுக்குப் போக வேண்டும். 1968 மே மாதம் சித்ரோன் கம்பெனி மெஹாரி என்ற வண்டியை அறிமுகம் செய்தது. மெஹாரி என்றால் வட ஆப்பிரிக்காவின் சவாரி ஒட்டகம். அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் மட்கார்டு, கதவு, பானெட் எல்லாமே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். யோசனை ரோலண்ட் டி லா பொய்ப் என்பவருடையது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் முனையில் சண்டையிட்ட பிரெஞ்சு விமானி, போருக்குப் பிறகு பிளாஸ்டிக் தொழிலதிபர். வண்டி ஏறக்குறைய 550 கிலோதான். கடற்கரையில் ஓட்டலாம், உப்புக்காற்றில் பாடி துருப்பிடிக்காது, உள்ளே தண்ணீர் ஊற்றியே கழுவலாம். 1980 பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் மருத்துவக் குழுவுக்கு இதன் நான்கு சக்கர இயக்க வகை போனது. 1987 வரை சுமார் 1,45,000 வண்டிகள் வெளிவந்தன.

ஆனால் மெஹாரியை விரும்பி வாங்கியவர்கள் வெயில் ஊர்க்காரர்கள். தெற்கு பிரான்சின் கடற்கரையில் இருபது வருடம் நின்ற வண்டிகளின் கலர் வெளுத்தது, பாடி மொறுமொறுவென்று ஆனது, மட்கார்டு மூலைகள் உதிர்ந்தன. துருவுக்குத் தப்பிய பாடி வெயிலுக்குத் தப்பவில்லை. அடியில் இருந்த இரும்புச் சட்டத்தையோ உப்புக்காற்று அரித்தது. வண்டியை விட மனசில்லாதவர்கள் பழைய பாகம் தேடி அலைந்தார்கள். மார்செய் பக்கத்தில் கசீஸ் என்ற ஊரில் மெஹாரி கிளப் கசீஸ் என்ற ஆஃப்டர்மார்க்கெட் கம்பெனி இதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. முன் மட்கார்டு, பின் மட்கார்டு, கதவு, பானெட் என்று முழு பாடியும் புது ஏ.பி.எஸ்.ஸில் அங்கே கிடைக்கிறது. இரும்புச் சட்டமும் புதிதாகக் கிடைக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிய வண்டியில் 1968ன் பொருள் என்று எஞ்சினில் சில பாகங்களும் பதிவுப் புத்தகமும்தான் மிஞ்சும். புதுப் பாடிக்கும் அதே மத்தியதரைக் கடல் வெயில்தான். வாங்குகிறவர்களுக்கு அது தெரியும், வண்டியை நிழலில் நிறுத்துகிறார்கள்.